கையால் அமைத்த ஒலிக்கருவியும் அதன் பரீட்சையும்

இலங்கையில் வானொலி பிறந்த வரலாற்றை நோக்குமிடத்து, கடையில் வாங்கிய கருவியால் அது பிறக்கவில்லை என்பது புலனாகும். 1921ஆம் ஆண்டில் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பிரதம பொறியியலாளராக வந்தவர் எட்வர்ட் ஹார்ப்பர். போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு, அவரும் தந்தித் திணைக்களத்தாரும் ஓர் ஒலிபரப்பியைத் தாமே அமைத்தனர். இசைத்தட்டுக்களின் இசை அதன்வழியே பரீட்சார்த்தமாக ஒலிபரப்பாயிற்று. 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. கையிற் கிடைத்த உறுப்புக்களை இணைத்து, அளந்து, திருத்தி, மீண்டும் அளந்த உழைப்பின் பயனே அது.

அவ்வுழைப்பின் இயல்பு யாது என்பதையே இன்று ஆராயப் புகுகின்றேன். யான் விஞ்ஞானம் கற்பிப்பவன் அல்லன்; கலைகளைக் கற்றவன். எனினும், பாடசாலை மண்டபத்திலே பேசுவோனின் சொல் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு விளங்குகின்றதா என்பது எந்த அதிபருக்கும் உரிய கவலையேயாகும்.

ஒலிவாங்கியின் முன் ஒருவர் பேசுங்கால் அதிலே தோன்றும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் இரண்டு பங்கு எனக் கொள்வோம். 8 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கு 10 வாற்று வலுவைக் கொடுக்க ஏறத்தாழ 9 வோல்ற்று வேண்டும். எனவே, இடையிலுள்ள விரியலாக்கி அச்சிறு அழுத்தத்தை ஏறத்தாழ 4,500 மடங்காகப் பெருக்க வேண்டும். பெருக்குதல் எளிது, உருவம் மாறாது பெருக்குதலே அரிது. வால்வாயினும் திரான்சிஸ்டராயினும், தான் பெற்ற அலையைச் சிறிது கோணலாக்கியே வெளியிடும். இக்கோணலைத் திரிபு என்பர்.

திரிபை அடக்கும் வழி தோன்றியதும் ஒரு படகிலேதான். 1927 ஆகஸ்ட் 2ஆம் நாள் காலை, ஹரல்ட் பிளக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஹட்சன் நதியைக் கடக்கும் பயணிகள் படகில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார். பல ஆண்டுகளாக அவரை வருத்திய வினாவுக்கு அப்போது விடை தோன்ற, கையிலிருந்த நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் வெற்றிடத்திலே அதனை வரைந்து கையொப்பமிட்டார். வெளியேறும் அலையின் ஒரு சிறு பங்கை எதிர்த்திசையில் நுழைவாயிலுக்கே திருப்பி அனுப்புதல் என்பதே அவ்விடை. இதனை எதிர்ப் பின்னூட்டல் என்பர்.

கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகின் சுக்கானைப் பிடித்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளுகின்றன. அவர் கரையிலுள்ள குறியை நோக்கி, படகு விலகிய அளவுக்குச் சுக்கானை எதிர்ப்புறம் திருப்புகின்றார். எதிர்ப் பின்னூட்டலும் அவ்வாறே தவறைத் தானே கண்டு திருத்துகின்றது. இதற்குக் கொடுக்கும் விலை பெருக்கத்திற் குறைவு. பெருக்கத்தைப் பத்திலொன்றாகக் குறைத்தால் திரிபும் ஏறத்தாழப் பத்திலொன்றாகும்.

ஆனால், சுக்கானைத் திருப்புவோர் தாமதித்தால் யாது நிகழும்? படகு மறுபுறம் திரும்பிய பின்னர் முன்னைய தவறுக்கான திருத்தம் வந்து சேர, படகு இருபுறமும் ஊசலாடும். விரியலாக்கியிலும் திருத்தம் பிந்தினால் அது தானே ஊளையிடத் தொடங்கும். சிலவேளை அவ்வூளை செவிக்கெட்டாத உயர் மீடிறனில் நிகழும். கருவி சூடேறும், ஒலி கரகரக்கும், காரணமோ காதுக்குப் புலப்படாது.

1947ஆம் ஆண்டு டி. ரி. என். வில்லியம்சன் என்பார் வயர்லெஸ் வேர்ல்ட் என்னும் ஆங்கில சஞ்சிகையில் ஒரு விரியலாக்கியின் அமைப்பை வெளியிட்டார். 15 வாற்று வலுவில் ஆயிரத்திலொரு பங்குக்கு மேற்படாத திரிபு என்பது அவர் தந்த அளவு. வீட்டில் கருவி அமைப்போர் பல நாடுகளிலும் அதனைப் பின்பற்றினர். வரைபடத்துடன், வெளியீட்டு நிலைமாற்றி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதையும் அவர் வரையறுத்திருந்தார். ஏனெனில் அவர் பயன்படுத்திய வலிய பின்னூட்டல் அந்நிலைமாற்றியையும் உள்ளடக்கியது. கிடைத்த நிலைமாற்றியைப் பூட்டியோரின் கருவிகளில் மேற்சொன்ன ஊசலாட்டம் எளிதில் தோன்றக்கூடியதாயிற்று. வரைபடத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் போதாது, அளந்தும் பார்த்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இனி, பரீட்சிக்கும் முறையைக் காண்போம். புதிதாக அமைத்த கருவியை நேரே மின்சாரத்துடன் இணைத்தலாகாது. இழையுள்ள பழைய வகை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து மின்னூட்டுதல் நன்று. உள்ளே குறுஞ்சுற்று இருப்பின் குமிழ் முழு ஒளியுடன் எரிந்து எச்சரிக்கும், கருவி எரியாது. ஒலிபெருக்கிக்குப் பதிலாக, வலுவைத் தாங்கவல்ல 8 ஓம் தடையொன்றைப் பூட்டுக. செக்கனுக்கு 1,000 முறை அதிரும் சீரான அலையை உள்ளே செலுத்தி, அலைவுகாட்டியின் திரையிலே வெளிவரும் அலையை நோக்குக. அலையைச் சிறிது சிறிதாக உயர்த்த, ஓரிடத்தில் அதன் முடிகள் தட்டையாகும். அதற்குச் சற்று முன்னர் வோல்ற்றுமானி 8 காட்டுமாயின், எட்டை எட்டாற் பெருக்கித் தடையாகிய எட்டால் வகுக்க, கருவியின் உண்மை வலு 8 வாற்று எனத் தெளியலாம். பெட்டியின் மேல் எத்தகைய எண் எழுதப்பட்டிருப்பினும் இதுவே மெய்.

அடுத்து, மீடிறனை 20 முதல் 20,000 வரை மாற்றி, பெருக்கம் எங்கே குறைகின்றது எனக் குறித்துக் கொள்க. சதுர அலையைச் செலுத்தும்போது அதன் மூலைகளிலே நடுக்கம் தோன்றின், ஊசலாட்டம் அண்மையில் உள்ளது என்று பொருள். பின்னர் நுழைவாயிலை மூடிவிட்டு எஞ்சும் இரைச்சலை அளக்க. எமது மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைவதாகையால், 50இலும் 100இலும் எழும் முணுமுணுப்பு அங்கே அகப்படும். இவ்வளவுகளை இன்று சாதாரணக் கணினி கொண்டும் பெறலாம். ஆயினும் விரியலாக்கியின் வெளியீட்டை அழுத்தம் குறைக்கும் தடைகளின்றிக் கணினியுடன் இணைத்தல் கேடு தரும்.

துறைமுகப் பகுதியில் வாழும் நாம் உப்புக் காற்றையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். இன்று பளபளக்கும் இணைப்பு நாளடைவிற் களிம்பு பிடிக்கும். ஆகவே அளவுகளை நாட்குறிப்பில் எழுதி, மழைக்காலம் கழிந்தபின் மீண்டும் அளந்து ஒப்பிடுதல் நலம்.

இரண்டு எச்சரிக்கைகளை வலியுறுத்திக் கூறுகின்றேன். வால்வுக் கருவிகளில் 400 வோல்ற்றும் அதற்கு மேலும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் அது தங்கியிருக்கும். இரண்டாவது, முணுமுணுப்பை ஒழிக்கவெனக் கருவியின் புவித் தொடுப்பைக் கழற்றி விடும் வழக்கம் சிலரிடம் உண்டு. பழுது நேர்ந்தால், ஈரத்தரையில் நின்று ஒலிவாங்கியைப் பிடிக்கும் பிள்ளையின் உயிரையே அது பறிக்கக்கூடும். அதனை ஒருபோதும் செய்தலாகாது.

இத்தனை நுணுக்கம் எதற்கு, சத்தம் கேட்டால் போதாதா எனச் சிலர் வினவலாம். பேச்சிலே உரப்பைத் தருவன பெரும்பாலும் உயிரொலிகள். பொருளைப் பிரித்துக் காட்டுவன மெய்யொலிகள். மெய்யொலிகள் மெலியன, அவற்றுட் பல உயர் மீடிறனைச் சார்ந்தவை. திரிபு மிகும்போது முதலில் மறைவன அவையே. தமிழிலோ மறுப்பு பெரும்பாலும் சொல்லின் கடைசியில் நிற்கின்றது. 'கடலுக்குச் செல்லலாம்', 'கடலுக்குச் செல்லலாகாது' என்னும் இரண்டுக்கும் வேறுபாடு வால்பகுதியில் மட்டுமே உள்ளது. கரகரப்பும் எதிரொலியும் அவ்வாலை விழுங்கினால், தடுத்த சொல்லே அனுமதித்த சொல்லாகிவிடும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியதை அறிந்த திருகோணமலை மக்களுக்கு இதன் பாரத்தை விளக்கத் தேவையில்லை.

எனவே, கருவிகள் யாவும் தேறிய பின்னர் ஒரு பரீட்சை எஞ்சுகின்றது. ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று, தலை, மலை, வலை, கலை என ஓசையொத்த சொற்களை ஒழுங்கின்றி வாசிக்க, மண்டபத்தின் கடைசியில் இருப்போர் கேட்டதை எழுதட்டும். பிழைகளை எண்ணுக. எந்த எழுத்துப் பிழைபட்டது என்பது, எந்த மீடிறனைத் திருத்தவேண்டும் என்பதற்குக் குறிப்பாகும். இதற்கு வேண்டியவை ஒரு தாளும் பென்சிலும் மட்டுமே. எந்தப் பாடசாலையும் அடுத்த விழாவுக்கு முன்னரே இதனைச் செய்து பார்க்கலாம்.