உங்கள் ரத்தம் இட்லி மாவா, தோசை மாவா?

காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால், கையில் லேப் ரிப்போர்ட்டோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ் ஆயிற்றே! அந்த ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினைப் பார்ப்போம், பிளேட்லெட்டைப் பார்ப்போம். 'பி.சி.வி.' என்ற வரியை மட்டும் விட்டுவிடுவோம். ஹெமடோக்ரிட் என்பதும் அதுதான். சில சமயம் உயிரைக் காப்பாற்றுவதே அந்த வரிதான்!

மாவு சொல்லும் பாடம்

இட்லி மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் தோசை மாவு. அதே அரிசி, அதே உளுந்துதான். ஆனால் கரண்டியிலிருந்து வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. திரவத்தில் மிதக்கும் துகள்கள் நெருங்க நெருங்க ஒன்றோடொன்று உரசும், ஓட்டம் மந்தமாகும். துகள் சேர்ந்தால் திரவம் எவ்வளவு கெட்டியாகும் என்று 1906-ல் ஐன்ஸ்டீனே கணக்குப் போட்டிருக்கிறார்.

ரத்தமும் அப்படித்தான். பிளாஸ்மா என்ற நீரில் சிவப்பணுக்கள் மிதக்கின்றன. நூறு பங்கு ரத்தத்தில் அணுக்கள் எத்தனை பங்கு என்பதே பி.சி.வி. ஆண்களுக்குச் சுமார் 40 முதல் 50, பெண்களுக்கு 36 முதல் 46. இந்த அளவில் ரத்தம் தண்ணீரைவிட மூன்று, நான்கு மடங்கு கெட்டி. 60, 70 என்று ஏறினால் பத்து மடங்கு வரை போகலாம். இதயம் தள்ளத் திணறும், கட்டி உறையும் அபாயமும் கூடும்.

டெங்குவில் உஷார்!

'ஜுரம் விட்டாச்சு, இனி பயமில்லை' என்று நினைக்கிறீர்களா? டெங்குவில் ஆபத்தான கட்டமே பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பம். நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்துவிடும், அணுக்கள் உள்ளேயே தங்கிவிடும். அதனால் பி.சி.வி. ஏறும். ஓடும் ரத்தத்தின் அளவு குறைந்து பிரஷர் சரியும். 35 இருந்த குழந்தைக்கு 42 ஆனால் அது ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம், கசிவுக்கு அடையாளம். எனவே டாக்டரிடம் 'பிளேட்லெட் எவ்வளவு?' என்பதோடு 'பி.சி.வி. எவ்வளவு?' என்றும் கேளுங்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தண்ணீர் குடித்தால் போதுமா?

வேலூர் வெயிலில் வியர்த்து, நீர் வற்றி பி.சி.வி. ஏறியிருந்தால் தண்ணீர், மோர், உப்பு சர்க்கரைக் கரைசல் போதும். ஆனால் சிகரெட், நுரையீரல் நோய், எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஆகியவற்றால் அணுக்களே பெருகியிருந்தால்? குடம் குடமாகக் குடித்தாலும் பயனில்லை. மஜ்ஜைக் கோளாறு என்றால் ரத்தத்தை அவ்வப்போது எடுத்து 45-க்குக் கீழே வைப்பார்கள். வெந்நீரில் குளித்ததும் அரிப்பு, அடிக்கடி தலைவலி, முகச் சிவப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, நீர்த்திருந்தால் நல்லதா? அதுவும் இல்லை. சோகையில் ரத்தம் சுலபமாக ஓடும், ஆனால் சுமக்கும் ஆக்ஸிஜன் குறைவு.

இன்னொன்று: 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்கிறோமே, அது உறைவதைத்தான் தடுக்கிறது, கெட்டியைக் குறைப்பதில்லை. டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் பக்கமே போகாதீர்கள்.

அடுத்த முறை ரிப்போர்ட் வாங்கினால், அந்த ஒரு வரியையும் படித்துவிட்டு மடித்து வையுங்கள்.