கைக்கும் தரைக்கும் இடையே

நுழையும்முன்

மட்டைப்பந்தில் தாழ வரும் பந்தைப் பிடித்தவர், அது தரையைத் தொட்டதா இல்லையா என்பதற்குப் பல வேளைகளில் ஒற்றைச் சான்றாளராக நிற்கிறார். அவரே ஆட்டத்தின் ஒரு தரப்பினராகவும் இருக்கிறார். அவர் சொல்லை நம்புவதா, ஒளிப்படக் கருவியை நம்புவதா, இரண்டும் கைவிடும்போது எதைக் கொண்டு தீர்ப்பளிப்பது? பன்னாட்டு ஆட்டங்களில் நெடுங்காலமாகத் தொடரும் இச்சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளித் திடலிலோ தெருமுனையிலோ மட்டைப்பந்து ஆடிய எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து தாழப் பறக்கிறது. ஒருவன் பாய்ந்து விழுகிறான். பந்தைப் பற்றிய கையை உயர்த்தியவாறே எழுகிறான். “பிடித்துவிட்டேன்” என்கிறான். “தரையில் பட்டுத்தான் வந்தது” என்கிறான் மட்டையாளன். ஆட்டம் நிற்கிறது. யாருடைய பந்தோ அவன் சொல்வதே தீர்ப்பாகிவிடுவதும் உண்டு. களத்தில் இரண்டு நடுவர்கள், தொலைக்காட்சித் திரையின் முன் மூன்றாம் நடுவர், நாற்புறமும் ஒளிப்படக் கருவிகள் என அனைத்தும் அமைந்த பன்னாட்டுப் போட்டிகளிலும் இப்பூசல் தீர்ந்தபாடில்லை.

விதியும் விழியும்

மட்டைப்பந்தின் விதிகளை வகுப்பது இலண்டனிலுள்ள மெரில்போன் கிரிக்கெட் கழகம். அதன் 33ஆம் விதி பிடியைப் பற்றியது. மட்டையில் பட்ட பந்து தரையைத் தொடுவதற்கு முன் களத்தடுப்பாளரின் பிடியில் அடங்க வேண்டும். பந்து அவர் உடலைத் தொட்ட நொடியில் பிடிக்கும் செயல் தொடங்குகிறது. பந்தின்மீதும் தம் உடல் அசைவின்மீதும் அவர் முழுக் கட்டுப்பாடு பெறும்போதுதான் அது நிறைவுறுகிறது. பந்தைப் பற்றியுள்ள கை தரையில் படலாம், பந்து படக்கூடாது. படிப்பதற்கு எளிய விதிதான். ஆனால், பந்தின் விட்டம் ஏறத்தாழ 7 செ.மீ.; அதற்கும் புல்லுக்கும் இடையே இருப்பதோ விரற்கடை அளவுதான்.

மட்டையின் விளிம்பில் பட்டுச் செல்லும் பந்தின் வேகத்தை மணிக்கு 108 கி.மீ. எனக் கொள்வோம். அஃதாவது வினாடிக்கு 30 மீட்டர். பதினைந்து மீட்டர் தொலைவில் ஸ்லிப் பகுதியில் நிற்பவருக்குக் கிடைப்பது அரை வினாடி. அதற்குள் அவர் பந்தைக் காண வேண்டும், சாய வேண்டும், கையை நீட்ட வேண்டும். விரலின் நுனி புல்லையும் பந்தையும் ஒருசேர உணர்கிறது. எது முதலில் பட்டது என்பதை அவரே திண்ணமாகச் சொல்ல இயலாத நேரங்கள் உண்டு. “அவருக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று பார்வையாளர் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். தெரியாமலும் இருக்கலாம்.

கருவி இக்குறையை நீக்கிவிடும் என்று நம்பப்பட்டது. 1992ஆம் ஆண்டு நவம்பரில் டர்பனில் நடைபெற்ற இந்தியா–தென்னாப்பிரிக்கா டெஸ்ட் போட்டியில் தொலைக்காட்சிப் பதிவைக் கொண்டு மூன்றாம் நடுவர் தீர்ப்பளிக்கும் முறை அறிமுகமாயிற்று. அவ்வகையில் முதன்முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். அது ஓட்டத்தின்போது நேர்ந்த ஆட்டமிழப்பு. கோட்டைக் கடந்தாரா இல்லையா என்பதைப் பக்கவாட்டில் நேர்க்கோணத்தில் நிற்கும் கருவி நன்றாகவே காட்டும். தாழ்ந்த பிடியின் கதை வேறு. மிகத் தொலைவிலிருந்து பெரிதாக்கி எடுக்கப்படும் படத்தில் முன்னும் பின்னும் உள்ள பொருள்களுக்கு இடைப்பட்ட ஆழம் சுருங்கிவிடுகிறது. பந்துக்கு முன்னால் நிற்கும் புல், பந்தை ஒட்டி நிற்பதுபோலத் தெரிகிறது. பந்தின் அடியிலுள்ள விரல்கள் மறைந்துவிடுகின்றன. முறையாகப் பிடித்த பந்தும் தரையில் கிடப்பதுபோலத் தோன்றும். மேலும், வினாடிக்கு 50 படங்கள் எடுக்கும் கருவியில், நாம் மேலே கொண்ட வேகத்தில், ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே பந்து 60 செ.மீ. நகர்ந்துவிடும். 300 படங்கள் எடுக்கும் கருவியிலும் இடைவெளி 10 செ.மீ. உண்மை நிகழ்ந்த கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்துவிட்டால், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அது கிடைக்காது.

முறையீடும் மீட்பும்

மட்டைப்பந்தில் எதிரணியினர் முறையிடாமல் நடுவர் ஒருவரை ஆட்டமிழந்ததாக அறிவிப்பதில்லை. ஆகவே, தீர்ப்பு நடுவருடையது எனினும் தொடக்கம் ஆட்டக்காரருடையது. ஆட்டமிழக்கவில்லை என்று தெரிந்தே முறையிடுவது ஆட்டத்தின் உணர்வுக்கு மாறானது என, 2000ஆம் ஆண்டு விதித்தொகுப்பின் முகப்பில் சேர்க்கப்பட்ட முன்னுரை வெளிப்படையாகவே கூறிற்று. செய்த முறையீட்டை நடுவரின் இசைவுடன் அணித்தலைவர் திரும்பப் பெறவும் விதியில் இடமுண்டு.

அவ்விடத்தைப் பயன்படுத்தியவர் ஜி.ஆர். விசுவநாத். 1980 பிப்ரவரியில் மும்பையில் இந்தியாவும் இங்கிலாந்தும் மோதிய பொன்விழா டெஸ்ட் அது. இந்தியா 242 ஓட்டங்கள் எடுத்திருந்தது. இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. பாப் டெய்லர், விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்து ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்தார். பந்து தம் மட்டையில் படவில்லை என்பது டெய்லரின் உறுதி. முதல் ஸ்லிப்பில் நின்றிருந்த அணித்தலைவர் விசுவநாத்துக்கும் அவ்வாறே தோன்றியது. முறையீட்டைத் திரும்பப் பெற்று, டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார். டெய்லர் 43 ஓட்டங்கள் எடுத்தார். மறுமுனையில் இயான் போத்தம் 114 ஓட்டங்கள் குவித்தார். இருவரும் சேர்ந்து 171 ஓட்டங்கள் திரட்டினர். இங்கிலாந்து பத்து விக்கெட்டுகளில் வென்றது. தோல்விக்கு வழிவகுத்த செயல் என்று இதனைக் குறைத்துப் பேசியோரும் உண்டு. ஆனால், அவ்வாட்டத்தை நினைவுகூர்வோர் போத்தமின் பதின்மூன்று விக்கெட்டுகளோடு விசுவநாத்தின் அழைப்பையும் சேர்த்தே நினைவுகூர்கின்றனர்.

சிட்னி, 2008

விசுவநாத் தம் மனச்சான்றின்படி நடந்தார். அதையே இரண்டு அணிகளுக்கிடையே ஓர் உடன்பாடாக ஆக்க முடியுமா? 2007–08ஆம் ஆண்டுத் தொடரில் அதற்கான முயற்சி நடந்தது. ஐயத்திற்கிடமான தாழ்ந்த பிடிகளில் பிடித்தவரின் சொல்லை ஏற்பது என்று ஆஸ்திரேலிய அணித்தலைவர் ரிக்கி பாண்டிங்கும் இந்திய அணித்தலைவர் அனில் கும்ப்ளேவும் தொடருக்கு முன் இசைந்திருந்தனர்.

இரண்டாம் டெஸ்ட் 2008 ஜனவரி 2 முதல் 6 வரை சிட்னியில் நடைபெற்றது. முதல்நாளே ஆட்டம் கசந்தது. ஆஸ்திரேலியா 134 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையில், 30 ஓட்டங்களில் இருந்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸின் மட்டையில் பட்ட பந்து விக்கெட் காப்பாளரிடம் பிடிபட்டது. நடுவர் ஸ்டீவ் பக்னர் மறுத்துவிட்டார். சைமண்ட்ஸ் வெளியேறவில்லை, ஆட்டமிழக்காமல் 162 ஓட்டங்கள் எடுத்தார். பந்து மட்டையில் பட்டதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். இரண்டாம் இன்னிங்ஸில் மைக்கேல் கிளார்க் சந்தித்த முதற்பந்தே ஸ்லிப்பில் நின்ற திராவிடின் கையில் ஐயமின்றிச் சேர்ந்தது. அவரும் நடுவரின் விரலுக்காகக் காத்து நின்றார்.

ஐந்தாம் நாள் இந்தியா 333 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடியது. கங்குலி 51 ஓட்டங்களில் இருந்தபோது பிரெட் லீயின் பந்து விளிம்பில் பட்டுத் தாழச் சென்றது. அதே கிளார்க் பாய்ந்து பிடித்தார். பந்து புல்லைத் தொட்டதா என்பதில் கங்குலிக்கு ஐயம்; அவர் நின்றார். நடுவர் மார்க் பென்சன் மூன்றாம் நடுவரை நாடவில்லை, பாண்டிங்கிடம் கேட்டார். பாண்டிங் விரலை உயர்த்திக் காட்டினார். கங்குலி வெளியேறினார். அன்று மாலை, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருக்க, கிளார்க் ஐந்து பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 122 ஓட்டங்களில் தோற்றது. கும்ப்ளே 45 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார்.

ஒரே ஓர் அணிதான் ஆட்டத்தின் உணர்வோடு ஆடியது என்ற பொருள்பட அவர் அன்று பேசியது உலகெங்கும் எதிரொலித்தது. 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உடல்நோக்கிய பந்துவீச்சால் கொதித்த ஆஸ்திரேலிய அணித்தலைவர் பில் உட்ஃபுல் கூறிய கருத்தையே ஆஸ்திரேலியருக்கு எதிராகத் திருப்பியது அப்பேச்சு. அப்போட்டியில் எழுந்த பிற பூசல்களை இங்கு விரித்தல் வேண்டா. அடுத்த பெர்த் டெஸ்டில் பக்னருக்குப் பதிலாகப் பில்லி பௌடன் நடுவராக நின்றார். பிடித்தவர் சொல்லை ஏற்கும் உடன்பாடும் கைவிடப்பட்டது.

அந்த உடன்பாடு ஏன் முறிந்தது? கிளார்க் பொய் சொன்னார் என்று எவராலும் நிறுவ இயலவில்லை. அவர் பிடித்திருக்கவும் கூடும். முறிவின் காரணம் வேறிடத்தில் உள்ளது. மட்டையைப் பிடிக்கும்போது “நடுவர் சொல்லட்டும்” என்று நிற்பவர், பந்தைப் பிடிக்கும்போது “என் சொல்லை நம்பு” என்று கேட்டார். இரண்டுள் எதுவாயினும் ஒன்றையே இருபுறமும் கடைப்பிடித்திருந்தால் கங்குலி அவ்வளவு தயங்கியிருக்க மாட்டார். நடுவர் தீர்ப்புக்குக் காத்திருப்பதை விதி தடுக்கவில்லை. நம் நாட்டு மட்டையாளர்கள் அனைவரும் தாமே வெளியேறும் வழக்கமுடையவர்கள் என்றும் கூற முடியாது. அதே ஆஸ்திரேலிய அணியில்தான் ஆடம் கில்கிறிஸ்ட் இருந்தார். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில், இலங்கைக்கு எதிராக, நடுவர் ஆட்டமிழக்கவில்லை என்று கருதிய பின்னும் தாமாகவே வெளியேறியவர் அவர். ஓர் அணியின் மீது ஒட்டுமொத்தமாகப் பழி சுமத்துவோர் அவரை மறந்துவிடுகின்றனர்.

தெரியுமா?

ஐயத்திற்கிடமான பிடி புதிதன்று. 1946ஆம் ஆண்டு பிரிஸ்பேனில் டான் பிராட்மன் 28 ஓட்டங்களில் இருந்தபோது, ஸ்லிப்பில் நின்ற இங்கிலாந்தின் ஜாக் ஐகின் அவரைப் பிடித்ததாக முறையிட்டார். பந்து தரையில் பட்டு எழுந்தது எனப் பிராட்மன் கருதினார். நடுவர் முறையீட்டை ஏற்கவில்லை. பிராட்மன் 187 ஓட்டங்கள் எடுத்தார்.

பொய்யும் பிழையும்

அறிந்து பொய்யுரைத்தல் வேறு. அறியாமல் பிழைபட உரைத்தல் வேறு. 2003 செப்டம்பரில் முல்தானில் பாகிஸ்தானும் வங்கதேசமும் ஆடிய டெஸ்டில், பாகிஸ்தான் அணித்தலைவரும் விக்கெட் காப்பாளருமான ரசீத் லத்தீப், அலோக் கபாலியின் பந்தைப் பிடித்ததாக முறையிட்டார், கபாலி வெளியேற்றப்பட்டார். பந்து கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தபின் எடுக்கப்பட்டதைப் பதிவுகள் காட்டின. ஆட்டத்தின் மேலாய்வாளர் மைக் பிராக்டர் லத்தீப்புக்கு ஐந்து ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதித்தார். பாகிஸ்தான் வென்றது ஒரே ஒரு விக்கெட்டில். அதுவரை ஒரு டெஸ்டிலும் வென்றிராத வங்கதேசத்திற்கு அந்தப் பிடி எத்துணை விலையுடையதாயிற்று என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய தெளிவு எல்லா நேரமும் வாய்ப்பதில்லை. ஆகவே, களநடுவர் முதலில் தம் கருத்தைக் குறிப்பாகக் காட்ட, அதனை மாற்றத் தக்க உறுதியான சான்று இருந்தால் மட்டுமே மூன்றாம் நடுவர் மாற்றுவார் என்னும் நடைமுறை சில ஆண்டுகள் இருந்தது. 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் 57 ஓட்டங்களில் இருந்த சூர்யகுமார் யாதவ் அம்முறைப்படியே வெளியேற்றப்பட்டார். எல்லைக்கோட்டருகே டேவிட் மலான் பிடித்த அப்பந்தைத் தொலைவில் நின்ற நடுவர் எவ்வாறு கண்டிருக்க முடியும் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். 2023 ஜூன் 1 முதல் அந்நடைமுறை நீக்கப்பட்டது. தீர்ப்பு முழுவதும் திரைக்கு முன் அமர்ந்தவரிடம் சென்றது.

பத்து நாள்கள்கூட நிறைவு பெறவில்லை. இலண்டன் ஓவல் திடலில் உலக டெஸ்ட் வாகையர் இறுதிப்போட்டி. ஜூன் 10 அன்று ஸ்காட் போலண்ட் வீசிய பந்தில், 18 ஓட்டங்களில் இருந்த சுப்மன் கில்லை, கேமரூன் கிரீன் இடக்கையால் தாழப் பாய்ந்து பிடித்தார். மூன்றாம் நடுவர் ரிச்சர்ட் கெட்டில்பரோ பல கோணங்களில் பார்த்து, ஆட்டமிழப்பு என்று அறிவித்தார். பந்து புல்லைத் தொடுவதுபோலத் தோன்றிய ஒரு படத்தைக் கில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் குறியோடு சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அதற்காக அவருடைய ஆட்ட ஊதியத்தில் 15 விழுக்காடு தண்டமாக விதிக்கப்பட்டது. கிரீன் பந்துவீச வந்தபோது பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் அவரை ஏமாற்றுக்காரர் என்று கூவினர். அவர்கள் நம் அணியின் ஆதரவாளர்கள். முறையாகப் பிடித்ததாகவே அக்கணத்தில் தாம் எண்ணியதாகவும், முடிவை மூன்றாம் நடுவரிடம் விட்டுவிட்டதாகவும் கிரீன் பின்னர் கூறினார். கூவியவர்களுக்கு அவரைவிட மிகுதியாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. அரங்கின் மேலடுக்கிலிருந்து அவர்கள் கண்டதெல்லாம் ஒரு பெருந்திரையைத்தான்.

மூன்று வாரங்கள் கழித்து, ஜூலை 1 அன்று, லார்ட்ஸ் திடலில் ஆஷஸ் தொடரின் இரண்டாம் டெஸ்டில் இங்கிலாந்தின் பென் டக்கெட் 50 ஓட்டங்களில் இருந்தார். அவர் தூக்கி அடித்த பந்தை, எல்லைக்கோட்டருகே ஓடிவந்து, உள்ளங்கையில் தெளிவாகப் பற்றினார் மிட்செல் ஸ்டார்க். பற்றியதில் ஐயமில்லை. ஆனால், அவர் சறுக்கி விழுந்தபோது பந்து தரையில் உரசிற்று. உடலசைவு இன்னும் அவர் கட்டுக்குள் வரவில்லை. டக்கெட் வெளியேறத் தொடங்கிவிட்ட நிலையில், மூன்றாம் நடுவர் மரைஸ் எராஸ்மஸ் பிடி நிறைவுறவில்லை என்று தீர்ப்பளித்து அவரைத் திரும்பச் செய்தார். 33ஆம் விதியை எடுத்துக்காட்டி, தீர்ப்பு சரியே என்று மெரில்போன் கழகமும் விளக்கம் அளித்தது. ஆஸ்திரேலிய அணியினர் திகைத்து நின்றனர். டக்கெட் 83 ஓட்டங்கள் வரை ஆடினார். விக்கெட்டை இழந்த அந்தப் பந்துவீச்சாளர் கேமரூன் கிரீன்.