ஒரே தொட்டியில் புதினாவும் மிளகாயும்

செடி எதனை உண்டு வளர்கிறது? மண்ணையே என்றனர் சிலர். நீரையே என்றனர் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்க்க முயன்றவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டினராகிய ஜான் உட்வார்டு என்பவர். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட செடி, நாம் துவையல் அரைக்கும் புதினாவின் இனமேயாகும். மழைநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்டத்து மண் கலந்த நீர் எனப் பலவகை நீரைக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி, அவற்றில் புதினாச் செடிகளை வைத்தார். வைப்பதற்கு முன்னும் பின்னும் செடிகளை நிறுத்துப் பார்த்தார். மழைநீரில் நின்ற செடியினும் மண் கலந்த நீரில் நின்ற செடியே மிகுதியாக வளர்ந்திருந்தது. இம்முடிவை 1699ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீர் மட்டுமே உணவாகாது, நீரோடு கலந்த மண்ணின் கூறுகளும் வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று.

அக்கூறுகள் யாவை என்று தெளிய ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1860ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய அறிஞர்களாகிய ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் க்னாப் ஆகிய இருவரும், சில உப்புக்களை உரிய அளவில் நீரில் கரைத்து, அந்நீரிலேயே செடிகளை வளர்த்தனர். ஆயினும் அம்முறை ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளிவரவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர், தொட்டி நீரில் தக்காளியைப் பயிரிட்டு, ஏணிமீது ஏறிப் பறிக்குமளவு ஓங்கி வளரச் செய்தார். இம்முறைக்கு வழங்கும் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்னும் கிரேக்கப் பெயருக்கு ‘நீரின் உழைப்பு’ என்பது பொருள். நாம் இதனை நீர்ப்பயிர் முறை எனலாம்.

பனிக்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும் நாடுகளில் இன்று பலர் தம் வீட்டுச் சமையலறையிலேயே நீர்த்தோட்டம் அமைக்கின்றனர். அதன் அமைப்பு எளியது. ஒளி புகாத தொட்டி ஒன்று வேண்டும். ஒளி புகுந்தால் நீரில் பாசி படரும். தொட்டியின் மூடியில் துளைகள் இட்டு, சல்லடைக் கிண்ணங்களைப் பொருத்துவர். கிண்ணத்தில் சுட்ட களிமண் உருண்டைகள் செடியைத் தாங்கி நிற்க, வேர்கள் கீழே நீரில் தொங்கும். வேரும் மூச்சு விடுவதன்றோ? ஆகவே சிறிய காற்றுக்குழாய் ஒன்று நீருக்குள் இடைவிடாது காற்றைச் செலுத்தும். மேலே, நாள்தோறும் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் எரியும் மின்விளக்கு கதிரவனின் தொழிலைச் செய்யும்.

இத்தோட்டத்தில் புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப் பச்சிலை ஆகியவற்றோடு மிளகாயையும் சேர்த்து வளர்க்க யாவரும் விரும்புவர். சமையலுக்கு வேண்டுவன ஓரிடத்தில் கிடைப்பது நன்மையே. ஆனால் இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. மண்ணில் இரு செடிகள் அருகருகே நின்றாலும் ஒவ்வொன்றும் தன் வேர் சென்ற இடத்தில் உணவைத் தேடிக்கொள்ளும். தொட்டியிலோ யாவும் ஒரே கலத்தில் உண்ண வேண்டும்.

திருநீற்றுப் பச்சிலையை நாம் வளர்ப்பது இலைக்காக. அது பூத்துவிட்டால் புதிய இலைகள் குறையும், மணமும் சுவையும் மாறும். எனவே பூந்தளிர் தோன்றும்போதே கிள்ளி எறிகிறோம். மிளகாய் பூக்காவிடில் நமக்கு யாது பயன்? இலை தழைக்க நைட்ரஜன் மிகுதியாக வேண்டும். அதே நைட்ரஜன் அளவு மீறினால் மிளகாய்ச் செடி காடுபோலத் தழைத்து, பூவைக் குறைத்துவிடும். காய்க்கும் காலத்தில் அது பொட்டாசியத்தை நாடும். வளரும் காய்க்குக் கால்சியம் போதிய அளவு எட்டாவிடில், காயின் நுனி கறுத்து அழுகும்.

உணவின் செறிவிலும் இரண்டும் வேறுபடுகின்றன. கரைந்துள்ள உப்பின் அளவை, நீரில் மின்சாரம் பாயும் திறனைக்கொண்டு காட்டும் சிறு கருவி ஒன்று உண்டு. அதன் அலகு மில்லிசீமென்ஸ். திருநீற்றுப் பச்சிலைக்கு 1 முதல் 1.6 வரை போதும்; காய்க்கும் மிளகாய்க்கு 2 முதல் 3 வரை வேண்டும். மிளகாயின் பசிக்கு ஏற்ப உப்பைக் கூட்டினால் பச்சிலையின் நுனி கருகும். குறைத்தால் மிளகாய் வெளிறி நிற்கும். அமிலத்தன்மையில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. 5.5 முதல் 6.5 வரையுள்ள பி.எச். அளவு இரண்டிற்கும் ஏற்றதே.

கொத்தமல்லியின் இயல்பு வேறு. காய்கறிக் கடையில் நாம் கொசுறாகப் பெறும் இச்செடி, வெப்பமும் நெடுநேர ஒளியும் கண்டால் விரைந்து பூத்துவிடும். மிளகாய்க்கோ அவ்வெப்பமும் ஒளியுமே வேண்டும். என் கருத்தில் இவ்விரண்டையும் ஒரே விளக்கின்கீழ் வைப்பது வீண் முயற்சியாகும்.

அவ்வாறாயின் மிளகாயைச் சேர்க்கவே கூடாதா? இளமையில் அதன் தேவையும் சிறிதே. முதல் மொட்டு தோன்றும் வரை மென்மையான உணவுநீரில் புதினாவோடும் பச்சிலையோடும் அது இடரின்றி வளரும். மொட்டு கண்டவுடன் அதனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, செறிவை மெல்ல மெல்லக் கூட்டுதல் வேண்டும். மாற்றுவதில் காலம் தாழ்த்தலாகாது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், பிரிக்கும்போது இரண்டும் அறுபடும். குட்டை இன மிளகாயைத் தேர்ந்துகொண்டால் விளக்கில் முட்டாது வளரும்.

வீட்டினுள் தேனீ இல்லை, காற்றும் இல்லை. மிளகாயின் ஒரே பூவில் மகரந்தத்தாளும் சூலகமும் அமைந்திருத்தலால், பூத்த கிளையை விரலால் மெல்லத் தட்டினாலே காய் பிடிக்கும். சிறு மின்விசிறியும் இவ்வேலையைச் செய்யும். 2021ஆம் ஆண்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், சுட்ட களிமண் துகள்களில் மிளகாய் பயிரிட்டபோது, விசிறிக் காற்றால் பூக்களை அசைத்தனர். ஜூலைத் திங்களில் தொடங்கிய அப்பயிரின் முதற் காய்களை அக்டோபர் இறுதியில் பறித்தனர். வீட்டுத் தொட்டியிலும் விதையிலிருந்து காய் வரை ஏறத்தாழ அத்தனை நாள் ஆகும். அதற்குள் புதினாவைப் பன்முறை கிள்ளிவிடலாம்.