வைக்கோலும் கடற்பாசியும் சர்க்கரையாகும் விதம்

அணுபுரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் அறுவடைக்குப் பின் வைக்கோல் கிடக்கும். வடகிழக்கே மாமல்லபுரம் கரைப் பாறைகளில் உல்வா என்னும் பச்சைப் பாசி படரும். இரண்டிலும் எத்தனால் எரிபொருளாகக்கூடிய சர்க்கரை உண்டு. ஆனால் அது நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்து கிடப்பதால் ஈஸ்ட் அதை அப்படியே உண்ண முடியாது. பிணைப்பை முதலில் தளர்த்த வேண்டும். இந்த முன்பதப்படுத்தல்தான் மொத்த வேலையிலும் கடினமானது.

வைக்கோலை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்லுலோஸ் என்னும் சர்க்கரைச் சங்கிலி. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் இறுகியிருக்கும். மண் போக அலசி, காயவைத்து, நறுக்கி, ஓரிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைக்க வேண்டும். வைக்கோலில் சிலிக்கா மிகுதி. அரவை இயந்திரத்தின் கத்தி சீக்கிரம் மழுங்கிவிடும்.

100 கிராம் துகளுக்கு ஒரு லிட்டர் வீதம், 1 சதவீத கந்தக அமிலக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பிறகு ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் 121 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஆலைகளில் வெப்பம் இன்னும் அதிகம், நேரம் சில நிமிடங்களே. இந்தச் சூட்டில் ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சைலோஸ் என்ற சர்க்கரையாக நீரில் இறங்கும். சூடு மிஞ்சினால் அந்த சைலோஸே ஃபர்ஃபியூரலாக மாறி, பின்னால் ஈஸ்ட்டின் வளர்ச்சியை முடக்கும். கூடுதலாகக் காய்ச்சினால் கூடுதலாகச் சர்க்கரை வரும் என்று நினைப்பது தவறு.

வடிகட்டிய நீரைத் தனியே வைத்துவிட்டு, சக்கையை அமிலம் போகும்வரை அலச வேண்டும். லிக்னின் இன்னும் தடுத்தால், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஒருமுறை சூடாக்கலாம். அது லிக்னினையும் சிலிக்காவையும் கரைத்தெடுக்கும். அலசிய சக்கையை ஈரமாகவே அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உலர்த்தினால் திறந்த நுண்துளைகள் மீண்டும் மூடிக்கொள்ளும். பட்ட பாடு வீண்.

இனி செல்லுலேஸ் நொதியின் வேலை. இதைப் பெருமளவில் சுரக்கும் டிரைகோடெர்மா ரீசீ பூஞ்சை, இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகளை அரித்துத் தின்ற பூஞ்சை! அமிலத்தன்மை பி.எச். 4.8, வெப்பம் 50 டிகிரி, மூன்று நாள் குலுக்கல்: செல்லுலோஸ் குளுக்கோஸாகும். சர்க்கரையை அளக்க, சிறிதளவு எடுத்து டி.என்.எஸ். என்ற சோதனைக் கரைசல் சேர்த்துக் கொதிக்க வைத்தால் மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சர்க்கரை.

உல்வாவுக்கு இத்தனை கடுமை வேண்டாம். அதில் லிக்னின் இல்லையென்றே சொல்லலாம். மணலும் உப்பும் போக நன்னீரில் நன்கு கழுவுவதே முக்கியம்; உப்பு தங்கினால் ஈஸ்ட் தளரும். மிக நீர்த்த அமிலமோ வெந்நீரோ போதும். ஆனால் பாசியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். கூடை கூடையாக அள்ளினாலும் காய்ந்தபின் கொஞ்சமே மிஞ்சும்.

கடைசியில் ஈஸ்ட் சேர்த்து 30 டிகிரியில் நொதிக்க விட வேண்டும். சாதாரண ஈஸ்ட் குளுக்கோஸை எத்தனாலாக்கும், சைலோஸைத் தொடாது. அதற்கு மரபணு மாற்றிய ஈஸ்ட்டைப் பயன்படுத்தலாம்.

கணக்குப்படி 100 கிராம் வைக்கோலின் செல்லுலோஸ் முழுவதும் மாறினால் சுமார் 25 மில்லிலிட்டர் எத்தனால் கிடைக்கும். 2022 ஆகஸ்ட் 10 அன்று பானிபட்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலையின் திட்டம், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர். அதாவது 100 கிராமுக்கு 15 மில்லிலிட்டர்.

நம் பகுதியில் நல்ல வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். அதில் கை வைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வீணானது இதற்குப் போதும். பாசியிலும் கரை ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். பாறையில் உயிரோடு இருப்பதைச் சுரண்டாதீர்கள். சிறு மீன்களும் நண்டுகளும் அதை நம்பி வாழ்கின்றன.