வளர்க்க முடியாத கிருமிக்கு உயிர் இருக்கிறதா?



ஜூரோங் என்றதும் இன்று நம் கண்முன் நிற்பவை தொழிற்சாலைகள். 1961-இல் தொழிற்பேட்டைக்காக நிலத்தைச் சீர்படுத்தத் தொடங்குமுன் அந்தப் பக்கம் கித்தா மரங்களும் சதுப்பு நிலமும் இருந்தன. இப்போது ஜொகூர் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பாலத்தைக் கடந்து அங்கே வேலைக்கு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு பிள்ளையின் முதுகில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோன்றுகிறது. தொழுநோய் என்று மருத்துவர் சொல்ல, ஓராண்டு மருந்தையும் தவறாமல் சாப்பிட்டு முடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கடைசிப் பரிசோதனைத் தாளில், "கிருமி இன்னும் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறது. வீட்டிலே தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பதா, பேசிய கல்யாணத்தை நிறுத்துவதா என்று பெரியவர்கள் கலங்குகிறார்கள்.

தெரிகிற கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்ததா? இதைத்தான் நாம் முதலில் கேட்கவேண்டும்.

கித்தா விதையை நினைத்துப் பாருங்கள். விழுந்து சில நாளான விதையும், மாதக் கணக்கில் கிடந்து கெட்டுப்போன விதையும் மேலுக்கு ஒரே பளபளப்பாக இருக்கும். நாற்றுமேடையில் ஊன்றினால்தான் எது முளைக்கும் என்று தெரியும். மற்றக் கிருமிகள் பலவற்றுக்கும் ஆய்வுக்கூடத்தில் இந்த வழிதான். கண்ணாடித் தட்டில் கூழ்போன்ற ஓர் உணவை ஊற்றி, அதில் தடவி வைக்கிறார்கள். உயிருள்ளவை பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். தொழுநோய்க் கிருமியோ எந்த நாற்றுமேடையிலும் முளைப்பதில்லை. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் அதை 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். அன்றுமுதல் இன்றுவரை எந்தச் செயற்கை உணவிலும் யாரும் அதை வளர்த்ததில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடியதில் நமக்கு மிக அருகிலுள்ள ஓர் இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதுதான் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் 1930-இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு. அங்கிருந்த ஆராய்ச்சிப் பிரிவில் டாக்டர் வாட்டர்ஸ், லண்டனில் இருந்த டாக்டர் ரீஸுடன் சேர்ந்து, நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த கிருமிகளைச் சாயமேற்றி ஆராய்ந்தார். சில கிருமிகள் முழுக்குச்சி போல ஒரே சீராகச் சிவந்திருந்தன. சில துண்டு துண்டாக, அறுந்த மணிமாலை போலக் கிடந்தன. மருந்து சாப்பிடச் சாப்பிட முழுக்குச்சிகள் குறைந்து, உடைந்தவை கூடின. உடைந்தவை செத்தவை என்று 1962-இல் அவர்கள் எழுதினார்கள். ஆனால் இது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்த கணக்கு. ஒருவர் முழுசு என்பதை இன்னொருவர் உடைசல் என்பார்.

அதைவிட உறுதியான சாட்சி சுண்டெலியின் பாதத்தில் கிடைத்தது. 1960-இல் அமெரிக்காவின் ஷெப்பர்ட் இதைக் காட்டினார். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பாகங்களே பிடிக்கும். நமக்கும் காது மடல், மூக்கு, கை கால்களில் அது தங்குவது அதனால்தான். சுண்டெலியின் பாதமும் அப்படிப்பட்ட இடம். அங்கே சில ஆயிரம் கிருமிகளை ஊசியால் செலுத்தி, மாதக் கணக்கில் காத்திருந்து எண்ணிப் பார்க்கவேண்டும். உயிர் இருந்தால் பெருகியிருக்கும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய 2 வாரம் ஆகுமென்றால், ஆராய்ச்சியாளரின் பொறுமையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறையால் விளைந்த பயன் சாதாரணமல்ல. டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டும் சுங்கை பூலோவில் சிலருக்கு நோய் திரும்பியது. ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நோயாளிமேல் பழி போடுவது எளிது. டாக்டர் பெட்டிட்டும் டாக்டர் ரீஸும் அவர்களுடைய கிருமிகளைச் சுண்டெலிக்குச் செலுத்தி, அந்தச் சுண்டெலிகளுக்கு டாப்சோன் கலந்த தீனி கொடுத்தார்கள். அப்படியும் கிருமி பெருகியது. மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமி உண்டு என்பது 1964-இல் இப்படித்தான் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரே மருந்தை நம்பக்கூடாது என்ற எண்ணம் வலுத்து, 1982-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ அதைச் சாப்பிடவேண்டும்.

இக்கிருமி ஏன் முளைப்பதில்லை என்பதற்கு 2001-இல் ஓரளவு விளக்கம் கிடைத்தது. அதன் மரபணுக்கள் முழுவதையும் விஞ்ஞானிகள் படித்தபோது, 1,000-க்கு மேற்பட்டவை பழுதாகிக் கிடந்தன. தனியாகப் பிழைக்கத் தேவையான சரக்கு அதனிடம் இல்லை, பிறர் உடம்புக்குள்தான் வாழமுடியும். அவர்கள் படித்தது தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்த கிருமி என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

இப்போது சுண்டெலிக்குக் காத்திராத வழியும் இருக்கிறது. உயிருள்ள கிருமி தன் வேலைகளுக்காக ஆர்.என்.ஏ. என்ற பொருளை ஓயாமல் ஆக்கிக்கொண்டே இருக்கும். செத்தபின் அது சீக்கிரம் சிதைந்துபோகும். டி.என்.ஏ. அப்படியல்ல, பிணத்திலும் நெடுநாள் தங்கும். ஆகவே டி.என்.ஏ. கிடைத்தால் கிருமி அங்கே இருந்தது என்றுதான் பொருள். ஆர்.என்.ஏ. கிடைத்தால் அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இது ஆராய்ச்சிக்கூடங்களில் செய்யும் சோதனை. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது.

நம் பிள்ளையின் பரிசோதனைத் தாளுக்கு வருவோம். செத்த கிருமிகளை அப்புறப்படுத்த உடம்புக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். மருந்தை முழுதும் சாப்பிட்டவரின் தோலில் தெரிபவை பெரும்பாலும் அந்தப் பிணங்களே. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றும் நிலை போய்விடுகிறது. தட்டைத் தனியாக வைக்க வேண்டாம், கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம். புதிதாகத் தேமல் தோன்றினாலோ, கை கால் மரத்தாலோ, கண் சிவந்தாலோ மட்டும் அதே மருத்துவரிடம் அந்தத் தாளோடு உடனே போகச் சொல்லுங்கள்.