சாவி யார் கையில்?

பனகல் பூங்காவில் மாலை வேளை களைப்பாற அமரும் தோழர்களே! அந்தப் பெயருக்குரிய பெருமகன் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக வீற்றிருந்தார். வீற்றிருந்தார், ஆனால் கஜானாவின் சாவி அவரிடம் இருந்ததா? இல்லை! 1919ஆம் ஆண்டுச் சட்டம் கல்வியையும் சுகாதாரத்தையும் அமைச்சரிடம் தந்தது. போலீசையும் நிதியையும் கவர்னர் பக்கம் ஒதுக்கிக்கொண்டது. போலீசுக்குக் கேட்ட தொகையைச் சட்டசபை வெட்டினாலும், அவசியச் செலவு என்று கவர்னர் ஒரு சான்று எழுதுவார். வெட்டுண்ட தொகை மீண்டும் முளைக்கும். வரி நம்முடையது, கடைசிச் சொல் வெள்ளையனுடையது!

இன்று, கோட்டையில் கூடும் சட்டமன்றம் சட்டம் இயற்றாமல் தொகுப்பு நிதியிலிருந்து காசு வெளியேறக் கூடாது. துறைதோறும் மானியக் கோரிக்கை வரும். உறுப்பினர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. வெட்டுத் தீர்மானம் நூறு ரூபாயைக் குறை என்கும். நூறு ரூபாய்க்கா இத்தனை ஆரவாரம் என்று நகைக்காதீர்! 2015இல் அடையாறு கரையை உடைத்து வீட்டுக்குள் புகுந்ததே, மயிலாப்பூர்ச் சந்தில் சாக்கடை வழிகிறதே, அதையெல்லாம் அமைச்சரின் முகத்துக்கு நேரே கேட்க அந்த நூறு ரூபாய்தான் வாசல்.

உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் வாக்கெடுப்புக்கு வராது, நியாயம், ஒப்புகிறோம். கடனுக்கான வட்டியும் வராது. வட்டி வீங்க வீங்க, அவை கைவைக்கக்கூடிய பங்கு சுருங்குகிறது. இதை எத்தனை பேர் கவனித்தோம்?

கோரிக்கைகள் முடிந்தபின் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு வரும். அன்று உம் உறுப்பினர் அவையில் இருந்தாரா? தியாகராய நகர்த் தோழரே, கேட்டுப் பாரும்!