உங்களுக்குத் தெரியுமா? கையுறை விரலில் பிறந்த கருவி

கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், 1960 வரை பெரிய அறுவைசிகிச்சைதான் வழி. குழாயை நீளமாகத் திறந்து, மணிக்கணக்கில் கட்டியைத் தேடி எடுப்பார்கள். அப்படியும் காலை இழந்தவர்கள் பலர், உயிரை இழந்தவர்களும் உண்டு.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகர மருத்துவமனையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த சிறுவன் தாமஸ் ஃபோகார்டி இதையெல்லாம் நேரில் பார்த்தவர். பின்னர் மருத்துவம் படித்தபோது அவர் செய்த கருவி வியக்கவைக்கும் அளவுக்கு எளியது: சிறுநீர் வெளியேற்றப் பயன்படும் மெல்லிய குழாய், அதன் நுனியில் அறுவைசிகிச்சைக் கையுறையின் சுண்டுவிரல் பகுதி. இரண்டையும் ஒட்ட எந்தப் பசையும் உதவவில்லை. மீன்பிடிப்பில் ஆர்வமுள்ள அவர், தூண்டிலுக்குச் செயற்கைப் பூச்சி கட்டும் முடிச்சாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார்!

தொடையிடுக்கில் சிறு கீறல். அதன் வழியே குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, நுனியிலுள்ள கையுறை விரலை உப்புநீரால் பலூன்போல் உப்பவைத்து மெல்ல இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும்.

இக்கருவியைத் தயாரிக்க நிறுவனங்கள் முதலில் மறுத்தன. ஆனால் 1961இல் அது முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. 1964இல் மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையை மருத்துவர் சார்லஸ் டாட்டர் தொடங்கினார். 1977இல் ஜூரிச்சில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் இதயத் தமனியிலேயே பலூனை விரித்தார். இன்று ஊரெங்கும் நடக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின் முன்னோடிகளுள் அந்தக் கையுறை விரலுக்கும் இடமுண்டு.

ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து, வெளுத்து, கடுமையாக வலித்தால் அது ரத்தக்கட்டி அடைப்பாக இருக்கலாம். தாமதிக்காதீர்கள்; உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.